கண்ணாடிக்குள் முளைத்த மரம்

மே 4
மறுபடியும் அந்த மரம். பசை ஊற்றி, போனின் மேல் கண்ணாடியை வைத்தேன். கோணலாக உட்கார்ந்தது. சரிசெய்ய லேசாகத் தூக்கியதும் ஓரத்திலிருந்து காற்று புகுந்து, கிளை கிளையாகப் பசைக்குள் ஓடிவிட்டது. இந்த வாரத்தில் இப்படிக் கெட்ட மூன்றாவது போன்.

கை நடுங்குகிறதா? அப்பாவுக்கு நடுக்கம் ஆரம்பித்தது நாற்பத்தேழில். எனக்கு நாற்பத்தாறு.

மே 5
தண்ணீர் டம்ளரைப் பிடித்துப் பார்த்தேன். நடுங்குகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

மே 7
வீட்டுக்காரர் சேகரிடம் சொல்லிவிட்டேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கடைய மூடணும்னா மூடிட்டுப் போறோம், சுஜாதா. மொதல்ல சேலத்துல டாக்டரப் பாக்கலாம்" என்றார்.

மூடிட்டுப் போறதா? பதினோரு வருசம் பஜாரில் நானே உக்காந்து நடத்துன போன் ரிப்பேர் கடை! — டாக்டர் பதினாறாம் தேதிதான் வரச் சொல்லியிருக்கிறார்.

மே 11
கெட்டுப்போன போன்களில் ஒன்று நந்தினியுடையது. இங்கே பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். "என் கை சரியில்லைங்க" என்று சொல்லிப் போனை நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க்கா, கை படாம தூக்கிப் பாத்தீங்களா?"

இரண்டு உடைசல் கண்ணாடிகளுக்கு நடுவே பசை விட்டு, மேல் கண்ணாடியைக் கிளாம்பில் மாட்டி, கை படாமல் திருகியே தூக்கினோம். அதே மரம்! வேகமாகத் திருகினால் மெல்லிய கிளைகள் நிறைய; மெதுவாகத் திருகினால் தடியாக நாலைந்து. காற்றின் ஓரம் சமமாக ஒருமுறைகூட வரவில்லை.

"பசை கெட்டி, காத்து லேசு. காத்து ஒரு எடத்துல மயிரிழை முந்துனாலும், அங்க தள்ளவேண்டிய பசை கம்மி. அதனால அது இன்னும் வேகமா ஓடும், பக்கத்துல இருக்கறது பின்தங்கிடும். முந்துன முனை அகலமானா ரெண்டாப் பிரியும். யாரு தூக்குனாலும் இதுதானுங்க்கா."

அமுக்கும்போது பசைதான் காற்றைத் தள்ளுகிறது. அதனால் ஓரம் அழகாகப் பரவுகிறது. சென்ற மாதம் வாங்கிய புதுப் பசை பழையதைவிடக் கெட்டி; மரம் இப்போது முளைப்பது அதனால்தான். அதை நான் யோசிக்கவே இல்லை.

அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். என் கை இல்லை. என் கை இல்லை.

மே 12
கண்ணாடி நகராமல் நேராக இறங்க ஒரு சட்டம் செய்தேன். ஒரே தடவையில் உட்கார்ந்தது. தூக்கவே இல்லை. துளி காற்று இல்லை.

மே 16
இருந்தாலும் சேலம் போய்வந்தோம். டாக்டர் என்னைச் சுருள் வரையச் சொன்னார், எழுதச் சொன்னார். "நடுக்கம் ஒண்ணும் இல்லீங்க. நிம்மதியாப் போங்க."

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில், அடிவாரம் தாண்டியதுமே சேகர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் விழிக்கவில்லை. இத்தனை நாள் அவர் தூங்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.