‘அவள்’ என்று எழுதியவளுக்கு

இன்று நம் லாசால் பகுதி நூலகத்தில் ஒரு மருந்துச் சீட்டைப் போட்டோக்கொப்பி எடுத்தேன். தாள் சூடாக வெளியே வந்தது. அந்த மையின் வாசம் மூக்கில் ஏறியதும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை சனிக்கிழமைகள் நாம் இதே மெஷினின் முன் நின்றிருப்போம்!

இரவல் வாங்கிய பழைய சிற்றிதழ்களை நீ விரித்துப் பிடிப்பாய். நான் பட்டனை அமத்துவேன். சம்பளத்துக்கு நீ செய்தது சென்ட் லோரன்ட் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடைக்கும் வேலை. பெண்ணைப் பெண் காதலித்த தமிழ்க் கதைகளைத் தேடித் தொகுப்பதுதான் உன் உயிர். பழைய கதைகளில் அவர்கள் வெறும் தோழிகள். ஒருத்திக்குக் கல்யாணம் நடக்கும், மற்றவள் கிணற்றில் விழுவாள். பின்னால் வந்தவர்கள் துணிந்து எழுதினார்கள். அவர்களிலும் பலர் சொந்தப் பெயரைப் போடவில்லை.

“ஒரு கதையிலயாவது ரெண்டு பேரும் கிழவியாகுமட்டும் ஒண்டாய் இருக்கினமோ பார். இல்லையடி,” என்றாய்.

அதனால் நீயே எழுதினாய். லாசாலில் இரண்டு கிழவிகள், சேர்ந்து சமைக்க ஒரு குசினி, மூட்டுவலித் தைலத்துக்குச் சண்டை. அது நாம்தான். அச்சில் வந்தபோது அவர்களில் ஒருத்தி ‘அவன்’ ஆகியிருந்தாள். நீ போன் எடுத்துக் கேட்டாய்.

“எழுத்துப் பிழையெண்டு நினைச்சுத் திருத்தினனான், தங்கச்சி,” என்றார் இதழாசிரியர்.

சிரித்தபடியே போனை வைத்தாய். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாய்.

நம் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்று ஊர்க் கண்ணுக்கு. புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன மறுவாரம், உன் அண்ணை அந்த அறையை ஒழிக்க மனைவியோடு வந்தார். ஏழு பெட்டிகளில் உன் தொகுப்பு. மேலே, உன் கையெழுத்தில் அந்தக் கதை. நின்றபடியே வாசித்தார்.

“இதில வாற மற்றவ நீங்களோ?”

அவர் மனைவி என் முகத்தையே பார்த்தார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவின் காதுக்கு இது போக எத்தனை நாள் என்று மனம் கணக்குப் போட்டது.

“இல்லை அண்ணை. அது சும்மா கதை.”

அவருக்கு மூச்சு வந்தது. “அப்ப எறியிறதுதானே,” என்றார். மறுசுழற்சித் தொட்டிவரை ஒரு பெட்டியை நானும் சுமந்தேன்.

இப்போது மிஞ்சியிருப்பது அச்சில் வந்த கதை மட்டும். அதில் நான் ஆண். ஆசிரியரைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நான் சொன்ன அந்த ‘இல்லை’ என்னோடுதான் படுக்கிறது, என்னோடுதான் எழும்புகிறது.