காஸ் லைட்டின் இரைச்சல்

மே 10, வியாழன்

காலையிலேயே அனல். வைகையில் வெறும் மணல். சனி, ஞாயிறு கச்சேரிக்கு காஸ் லைட் வேண்டுமென்று சபா காரியதரிசி ஆள் அனுப்பினார். இத்தனை வருஷமாகக் கச்சேரிகளுக்கு விளக்கு வாடகைக்கு விடுகிறேன், ஒன்றையாவது உட்கார்ந்து கேட்டதில்லை. ஓடி ஓடிக் காற்றடிப்பதிலேயே போய்விடும். இந்த முறை சனிக்கிழமைக்கு நாற்காலி டிக்கெட் வாங்கிவிட்டேன்! விளக்கைப் பார்க்க மைத்துனன் காதர்.

பாத்திமா சிரிக்கிறாள். "நம்ம லைட்டு எரியிற எடத்துக்கு நம்மளே டிக்கெட் வாங்குறதா, மச்சான்?"

பொண்டாட்டி சிரித்தால் சிரிக்கட்டும்.

வாங்க: விளக்குக்கு மேண்டில் வலை, சீமையெண்ணெய். கோட்டு சலவைக்கு.

மே 12, சனி

கண்ணாடியெல்லாம் துடைத்தாயிற்று. ஒலிபெருக்கி கிடையாது, வித்துவானின் தொண்டைதான். மேடைக்கு மேலே தொங்கும் விளக்குகள் முழுக் காற்றில் உஸ்ஸென்று இரையும், தம்பூரா கேட்காது. காதரிடம் சொல்லி வைத்தேன்.

"மாப்ள, மேடை லைட்டுக்கு மட்டும் காத்தைக் கம்மியா வையி."

"மங்கிருமே மச்சான்?"

"பாட்டைக் காதாலதானடா கேக்கணும்."

மே 13, ஞாயிறு காலை

மனசு ஆறவில்லை.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. மூன்றாவது வரிசை. பக்கத்தில் ஒரு வக்கீல், என் தொப்பியை இரண்டு தடவை பார்த்தார். வித்துவான் தோடியை மெல்ல எடுத்தார். இரைச்சலே இல்லை. தம்பூராவின் அதிர்வுகூடக் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அல்லாவே, எத்தனை நாள் ஆசை.

யாரோ தோளை உலுக்கினார்கள். காரியதரிசி.

"ஏப்பா லைட்டுக்காரா, இங்க உக்காந்து என்ன பண்றே? மேடை இருட்டிக் கெடக்கு!"

டிக்கெட்டைக் காட்டினேன், விளக்குக்குக் காதர் இருக்கிறான் என்றேன்.

"அதெல்லாம் அப்புறம். எந்திரிச்சுப் போய்க் காத்தடி."

எல்லாத் தலையும் திரும்பியது. போனேன். விளக்கை இறக்கி, அடித்து, ஏற்றிவிட்டுத் திரும்பினால் என் நாற்காலியில் வேறு யாரோ, கால்மேல் கால் போட்டபடி. வக்கீல் வேறு பக்கம் பார்த்தார். பந்தக்காலில் சாய்ந்து நின்றேன். மீதிக் கச்சேரி ஏதும் மனசில் ஏறவில்லை.

கோட்டு முழுக்க எண்ணெய்க் கறை. பாத்திமா இன்று சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மே 14, திங்கள்

நேற்று நானே போனேன், பழைய சட்டையில். மேடை விளக்குகளுக்கு இறுக்கிக் காற்றடித்தேன். பட்டப்பகல் வெளிச்சம். காரியதரிசிக்கு வாயெல்லாம் பல்.

"இப்பத்தான்யா லைட்டு! நேத்தே இப்படி வச்சிருக்கலாம்ல?"

வித்துவான் ஆலாபனை தொடங்கினார். இரைச்சலில் குரல் எடுபடவில்லை. பாடிக்கொண்டே அண்ணாந்து விளக்கைப் பார்த்தார், கையைத் தாழ்த்திக் காட்டினார். தாளமென்று நினைத்து முன்வரிசை முழுக்கத் தலையாட்டியது. எனக்குப் புரிந்தது.

கயிற்றைத் தளர்த்தி விளக்கை இறக்கினேன். அவர் முகம் தெளிந்தது. இன்னும் காற்றடித்து மேலே ஏற்றிவிட்டேன்.

என்ன ராகமென்று எனக்கும் தெரியாமலே போயிற்று.