ஓமான் வெயிலும் துன் ஏரியும்

இன்று பூம்ப்ளிஸ் வீட்டுப் பால்கனியில் ஒரு பழைய சாக்கு மழையில் நனைந்து கிடந்தது. பிழிந்து காயப்போடலாம் என்று தூக்கினேன். ஈரச் சணல் மணம் முகத்தில் அடித்தது. ஓமானில் உன் கோழிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் வந்த அதே மணம். நீ இல்லை என்று யாரோ இப்போதுதான் வந்து சொன்னதுபோல நெஞ்சு திடுக்கிட்டது. எத்தனை தரம்தான் இப்படித் திடுக்கிடுவது?

நாம் இரண்டுபேரும், அப்பா அம்மாக்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த ஐரோப்பிய ஊரிலேயே பிறந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனேன். நீ விவசாயம் படித்தாய். பக்கத்தில் எங்காவது ஒரு பண்ணையில் வேலை எடுப்பாய் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஓமான் பாலைவனத்தில் கோழியும் மரக்கறியும் வளர்க்கப் போவதாகச் சொன்னாய். உன் அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"ஒட்டகம் நிக்கிற இடத்திலை உனக்கென்ன வேலை பிள்ளை?"

"அங்கையும் சனம் சாப்பிடுதுதானே அம்மா."

அடுத்த மே மாதம் உன்னைப் பார்க்க வந்தேன். கொட்டகைக்குள் கால் வைத்ததும் கத்திவிட்டேன். கோழிகள் எல்லாம் அலகைத் திறந்து, செட்டையை விரித்து மூச்சிரைத்துக்கொண்டு நின்றன.

"ஐயோ, சாகப்போகுதுகள்!"

நீ சிரித்தாய். "இல்லையடி. கோழிக்கு வேர்க்காது. வாயாலைதான் சூட்டை வெளியிலை விடும்."

சுற்றிவர ஈரச் சாக்குகள் தொங்கின. அவற்றினூடாக மின்விசிறிகள் காற்றை உள்ளே இழுத்தன. தீன் விடியற்காலையில் மட்டும்தான். வெயில் ஏறினபின் தின்றால் உடம்பு இன்னும் கொதிக்கும் என்றாய். பின்னால் பேரீச்சை மர நிழலில், மணலைத் தாழ்த்தி வெட்டிய பாத்திகளில் வெண்டியும் கத்தரியும் நின்றன. மக்கிப்போன கோழி எருவை அள்ளி என் கையில் வைத்து, "இது இல்லாட்டி இங்கை வெறும் மணல்தான்" என்றாய்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் இருமி இருமி ஓடி, அதுவும் நின்றது. விசிறிகள் ஓய்ந்த அந்த அமைதி எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியது. ஓடினாய்.

"கதவெல்லாத்தையும் திற! தூக்கிக்கொண்டுபோய் நிழலிலை வை. கும்பலா விடாதை!"

நீயும் நானும், உன்னோடு வேலை செய்த சலீமும் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்புகள் சுட்டன. ஒரு கோழியின் கழுத்து என் கையிலேயே துவண்டு விழுந்தது. மின்சாரம் திரும்பி வந்தபோது பாதிக்குமேல் செத்துக் கிடந்தன. முதியோர் இல்லத்தில் சாவைப் பார்த்துப் பழகியவள் நான். ஆனாலும் மணலிலேயே குந்திவிட்டேன்.

நீ அழவில்லை. "எழும்பு, புதைக்கவேணும். இந்த வெயிலிலை வைச்சிருக்கேலாது" என்றாய். புதைத்து முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் போய் வெண்டிக்குத் தண்ணீர் திறந்தாய். நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன்.

"இதுகள் இன்னும் உயிரோடைதானே நிக்குதுகள்."

அதோடு திரும்பி வந்துவிடுவாய் என்றுதான் நாங்கள் நம்பினோம். நீ கொட்டகையின் கூரையை உயர்த்தினாய். இன்னொரு ஜெனரேட்டர் வாங்கவைத்தாய். வெயிலில் பழகிய அந்த ஊர்ச் சின்னக் கோழிகளைத் தேடிப் பிடித்து வளர்த்தாய். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு கிழமையும் முட்டையும் கத்தரிப்பூவும் வந்துகொண்டே இருந்தன.

அதற்கு அடுத்த கோடையில் லீவில் வந்தாய். மலைப் பனி உருகி வந்து சேரும் துன் ஏரிக்குப் போனோம். "இவ்வளவு தண்ணியைச் சும்மா விட்டுட்டு இருக்கிறீங்களே!" என்று சொல்லிச் சிரித்தபடி குதித்தாய். ஒருமுறை மேலே வந்தாய். பிறகு வரவில்லை. படகில் வந்த ஒருவர் உன்னைத் தூக்கி எடுத்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர், திடீர்க் குளிரில் இதயம் நின்றுவிட்டது என்று மெதுவாக, இந்த ஊர் டொச்சு மொழியில் சொன்னார். அதை உன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். அவர் என் கையைப் பிடித்து உலுக்கினார். "அந்த நெருப்புக்குள்ளை இருந்து வந்த பிள்ளையடி!"

அடுத்தநாள் காலை என் பையில் இருந்த உன் போன் அடித்தது. நான் வாய் திறக்குமுன்னே சலீம் ஆங்கிலத்தில் கத்தினான்:

"மேடம், குஞ்சு பொரித்துவிட்டது! நம் சொந்த முட்டையில் வந்த முதல் குஞ்சுகள்! எப்போது வருகிறீர்கள்?"

நான் யார் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் குஞ்சுகள் கீச்சிடுவது மட்டும் கேட்டது. பிறகு, நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்பதுபோல, சலீம் கேட்டான்.

"தண்ணீரிலா?"

ஓம் என்றேன். நம்பாமல் திரும்பவும் கேட்டான். "தண்ணீரிலா, மேடம்?"

சலீம் இப்போதும் அந்தப் பண்ணையில்தான் இருக்கிறான். உன் கோழிகளின் பரம்பரை பெருகிவிட்டதாம். எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்விதான். துன் பக்கம் ரயிலில் போகும்போது, ஏரி தெரியத் தொடங்கியதும் யன்னலோடு முகத்தை வைத்து நானும் அதையே கேட்கிறேன், அடி.

தண்ணீரிலா?