தைராய்டு மாத்திரை மட்டும்தான்

கீழ்பென்னாத்தூர்
6.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஓவியா எழுதுவது. நீங்களும் அண்ணனும் நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும், ஆனால் நேற்றுதானே அண்ணனோடு பேசினேன். காகிதத்தில் எழுதக் காரணம், நிச்சயம் ஆனதிலிருந்து அம்மா என் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். உங்கள் மருந்துக்கடை வேன் இங்குள்ள மெடிக்கலுக்குச் சரக்கு கொண்டுவருகிறதே, அதில் கொடுத்தனுப்புகிறேன்.

நிச்சயத்தன்று மணிவேலின் அம்மா என் கன்னத்தைத் தடவி, "பொண்ணு பூசினாப்ல இருக்கா, தை மாசத்துக்குள்ள கொஞ்சம் கம்மி பண்ணிக்கம்மா" என்றார்களே, அது இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள்கூடச் சிரித்தீர்கள். தைராய்டு மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், எங்கள் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டேன், ராச்சோற்றையும் விட்டுப் பார்த்தேன். எண்பத்தொன்று எண்பத்தொன்றாகவே நிற்கிறது. எடை குறைய வாரத்துக்கு ஒரு ஊசி இருக்கிறதாமே, பேனா மாதிரி. உங்கள் கடையில் கிடைக்குமா? டாக்டரிடம் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். யாருக்கும் தெரியக் கூடாது அண்ணி, அண்ணனுக்கும்தான்.

உங்கள் நாத்தனார்,
ஓவியா

வேங்கிக்கால்
11.8.2025

அன்பு ஓவியாவுக்கு,

அன்று நான் சிரித்தது மரியாதைக்கு. மனசுக்குள் அந்த அம்மாவை நாலு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன், பிள்ளையின் தொப்பையையும் சேர்த்து.

ஊசியை ஐஸ் பையோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து இதோடு அனுப்புகிறேன். சர்க்கரை நோய்க்குப் போடும் ஊசிதான் இது. சர்க்கரைக்காரர் ஒருவரின் பழைய சீட்டு கடையில் கிடந்தது, அதை வைத்து பில் போட்டேன். முதலாளி தருமன் கவனிக்கவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து இது. எட்டு வருஷமாகக் கவுண்டரில் நிற்கும் எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நீ கேட்டு நான் என்றைக்கு இல்லை என்றிருக்கிறேன்?

குமட்டும், கொஞ்சமாகச் சாப்பிடு. நாலு வாரத்துக்கு முதல் அளவைத் தாண்டாதே. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜை அத்தை நாளைக்குப் பத்துத் தடவை திறப்பாரே, எங்கே ஒளிப்பாய்?

அன்புடன்,
சந்திரகலா

கீழ்பென்னாத்தூர்
14.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போன மாதம் அனுப்பிய பேனாவும் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூம் ஃபிரிட்ஜில், என் சாப்பாட்டு டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது. பதினோரு கிலோ போய்விட்டது! தையல்காரம்மா இரண்டு முறை ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துவிட்டார். அம்மா இதைக் கல்யாணக் களை என்கிறாள்.

முடி கொட்டுகிறது. வாந்தி பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு தோள் வரைக்கும் வலிக்கிறது. வாயு என்று அம்மா ஓமத்தண்ணீர் தருகிறாள். இரண்டு வாரமாக எடை அசையவில்லை. அடுத்த அளவு அனுப்புவீர்களா? இன்னும் ஆறு கிலோ குறைந்தால் போதும்.

ஓவியா

வேங்கிக்கால்
16.10.2025

ஓவியா,

இதோடு பெரிய அளவு ஊசி வைத்திருக்கிறேன். இதுதான் கடைசி, இனிமேல் கெஞ்சினாலும் கிடையாது. அந்த வலியை டாக்டரிடம் காட்டு என்று எழுத வந்தேன். எந்த டாக்டரிடம் போய் என்னவென்று சொல்வாய் என்று யோசித்து நின்றுவிட்டேன். தீபாவளிக்கு வா, நேரில் பார்த்துக்கொள்வோம்.

சந்திரகலா

கீழ்பென்னாத்தூர்
1.12.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. ஒன்பது நாள் தொண்டையில் குழாய் இருந்ததால் குரல் போய்விட்டது, காற்றுதான் வருகிறது. அதனால் மறுபடியும் காகிதம்.

நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கடைக்கும் போவதில்லை என்று அண்ணன் சொன்னார். எனக்காகத் தவிக்காதீர்கள். பித்தப்பையில் கல் வந்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ், "வேற எதனா மருந்து எடுக்கறாங்களா?"னு கேட்டபோது மணிவேலின் அம்மா என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வலியில் எனக்குப் பேச்சு வரவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். "தைராய்டு மாத்திரை மட்டும்தான்" என்றீர்கள். என் மானத்தைக் காப்பாற்றத்தானே சொன்னீர்கள்? அந்த ஊசி வயிற்றை அத்தனை மெதுவாக்கும் என்று இப்போது போனில் படித்துத்தான் எனக்கே தெரியும். முந்தின இரவு சாப்பிட்ட இரண்டு இட்லி மறுநாள் மத்தியானம் வரை உள்ளேயே இருந்து, மயக்கம் கொடுத்ததும் மேலேறி நுரையீரலுக்குள் போயிருக்கிறது.

கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று மணிவேல் வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். வாக்குக் கொடுத்தபடி கடைசிவரை சொல்லாமல் இருந்தீர்கள் அண்ணி. அதற்கு நன்றி. ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

ஓவியா

வேங்கிக்கால்
5.12.2025

என் ஓவியாவுக்கு,

நேற்று முன்தினம் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். மாடியில் எல்லோரும் கும்பிட்டார்கள், எனக்குக் கையெடுக்க மனம் வரவில்லை. உன் நன்றியை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

நர்ஸ் கேட்டபோது உன் மானம் என் நினைவிலேயே இல்லை. மணிவேலின் அம்மா நின்றது நீ எழுதித்தான் ஞாபகம் வருகிறது. என் கண்முன் வந்தது அந்தப் பழைய சீட்டு. யார் கொடுத்தது என்று கேட்பார்கள், கடைக்கு வருவார்கள், வேலை போகும், உன் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்தேன். அதனால்தான் அப்படிச் சொன்னேன். நான் காப்பாற்றியது என்னை.

அப்புறமும் கால்மணி நேரம் இருந்தது. மயக்க டாக்டர் என்னிடமே வந்து, "கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?"னு கேட்டார். ராத்திரி எட்டு மணிக்கு என்றேன். கூடவே இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால், ஸ்கேன் வைத்து வயிறு காலியா என்று பார்த்திருப்பார்கள். ஊசிப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அது இருக்கிறது. மயக்கத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்றும், பித்தப்பையில் கல் வரலாம் என்றும். நீ ஐசியூவில் கிடந்தபோதுதான் முதன்முதலாகப் படித்தேன். எட்டு வருஷமாக வருகிறவர்களிடம், "உள்ளயே பேப்பர் இருக்கு, படிச்சுக்கங்க"னு சொல்லியே மருந்து கொடுத்தவள் நான்.

திட்டி எழுது ஓவியா. எதையாவது எழுது.

சந்திரகலா

கீழ்பென்னாத்தூர்
22.12.2025

அண்ணி,

நாலைந்து தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது முடிக்கிறேன்.

ஊசியை நான்தான் கேட்டேன். அதற்கு உங்கள் மேல் கோபம் இல்லை. சனிக்கிழமை செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். யார் கொடுத்தார்கள் என்று கேட்டார், அதை மட்டும் எழுதவில்லை. அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

போன கடிதத்தில் நான் ஒரு பொய் எழுதினேன். அன்று கட்டிலிலிருந்து உங்களைப் பார்த்தது மறைக்கச் சொல்லி இல்லை. பயமாக இருந்தது, சொல்லிவிடுங்கள் என்றுதான் பார்த்தேன். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள், பாவம், எனக்குக் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டு நின்றீர்கள் என்று இத்தனை நாளும் என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் சாப்பிட வேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது.

பொங்கலுக்கு அண்ணனை மட்டும் அனுப்புங்கள். குரல் வந்த பிறகு நானே கூப்பிடுகிறேன். எப்போது வரும் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

ஓவியா