நூற்றிருபதைச் சுற்றி முப்பது நாள்

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அப்பா நடமாடுகிறார், சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள், என் முட்டிவலி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, இவ்வளவுதான் எங்கள் சுகம். உன் சுகத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைக் கடைசியில் கேட்கிறேன். உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, தாவுவாய் என்று எனக்குத் தெரியும். முதலில் இங்கே நடந்த கூத்தைக் கேள்.

சின்னவளுக்கு இந்த வருஷம் கணக்கில் புள்ளியியல் வந்திருக்கிறது. சராசரி, இடைநிலை, வீச்சு, திட்ட விலக்கம் என்று சாப்பிடும்போதுகூட அதே புலம்பல். வீட்டிலிருந்து ஏதாவது முப்பது நாள் எண்களை எடுத்து வந்து இத்தனையும் கண்டுபிடித்துக் காட்ட வேண்டுமாம். அந்த வாலு எதையாவது தானே அளப்பாளா என்ன, அப்பாவின் சர்க்கரை நோட்டிலிருந்து ஒரு மாதத்தை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போனாள். அந்த நோட்டு உனக்குத் தெரியுமே, பஸ் டிப்போவில் கொடுத்தது, தினமும் காலையில் விரலில் குத்தி மெஷினில் வரும் எண்ணை அதில் எழுத வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால்தான் அப்பாவை ஸ்டியரிங்கில் உட்கார விடுவார்கள். இரண்டு நாள் கழித்து சின்னவள் அழுது வீங்கின முகத்தோடு வந்தாள். பூஜ்யம். யாருடைய ரத்தமும் இப்படி இருக்காது, நீயே உட்கார்ந்து எழுதினாயா என்று சிவப்பு மையில் கேட்டு, கணக்கு டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார்.

எனக்கு முதலில் சந்தேகம் சின்னவள் மேல்தான். போன வருஷம் செடியின் உயரத்தை அளந்துவரச் சொன்னபோது, செடி செத்து இரண்டு வாரம் கழித்தும் நோட்டில் அதை வளர்த்துக்கொண்டிருந்தவள் அல்லவா. நோட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு எண்கூட மாறவில்லை. உடனே சந்தேகம் டீச்சர் மேல் தாவியது, என் பிள்ளை மேல் என்ன காழ்ப்போ என்று மறுநாள் அரை நாள் லீவு போட்டுச் சண்டைக்குத் தயாராகப் போனேன். அந்தப் பெண் குரலே உயர்த்தவில்லை. பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்து, "சராசரி நூத்தி இருபது, இடைநிலையும் நூத்தி இருபது, ரொம்ப நல்ல சராசரிதாம்மா. ஆனா பெரிசுக்கும் சின்னதுக்கும் வித்தியாசம், அதான் வீச்சு, வெறும் ஆறு. திட்ட விலக்கம் ரெண்டுகூட வரல. முப்பது நாள்ல ஒருநாள்கூட ஒரு வாய் கூடுதலா சாப்பிடாம, ஒருநாள்கூட தூக்கம் கெடாம ஒரு மனுஷன் இருப்பாரா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் யார், சட்டை ஆலையில் பதினெட்டு வருஷமாக அளவு சரிபார்க்கிறவள். நாற்பது காலருக்கும் ஒரே அளவை எழுதிக்கொண்டு வருகிற பெண்ணிடம், நீ டேப்பையே எடுக்கலடி என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். ஊரையெல்லாம் பிடிக்கிற எனக்கு வீட்டில் கண் அவிந்துபோயிருந்தது. தினமும் காலையில் அப்பாவிடம் இன்னிக்கு எவ்வளவு என்று கேட்பேன், நூத்திப் பத்தொன்பது என்பார், நானும் தலையை ஆட்டிவிட்டு டிபன் பாக்ஸை மூடுவேன். ஒவ்வொரு எண்ணும் தனியாகப் பார்த்தால் நல்ல பிள்ளை. முப்பதையும் சேர்த்து நிறுத்தினால்தான் திருட்டு முழி தெரிகிறது.

வீட்டுக்கு வந்து அவர் அலமாரியிலிருந்து மெஷினை எடுத்தேன். அதில் பழைய எண்களைக் காட்டுகிற பொத்தான் ஒன்று இருக்கிறது, சின்னவள்தான் அழுத்திக் காட்டினாள். கடைசியாக அளந்தது எழுபத்தெட்டு நாளைக்கு முன்னால், இருநூற்று எண்பத்தாறு. சாயங்காலம் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தவர் முன்னால் அதை வைத்தேன். முதலில் மெஷின் ரிப்பேர் என்றார், அப்புறம் பேட்டரி வீக் என்றார், கடைசியில் என் மேலயே சந்தேகமா என்று பாய்ந்தார். நான் விரலைப் பிடித்துக் குத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஸ்டியரிங்க புடுங்கிட்டா நான் யாருடி" என்று கேட்டார், எனக்குப் பாவமாகவும் இருந்தது, அடிக்கலாம் போலவும் இருந்தது. பின்னால அறுபது உயிர் உக்காந்திருக்கே, கண்ணு இருட்டினா என்ன பண்ணுவீங்க என்று கத்தினேன். போன வாரம் சிக்னலில் சிவப்பா பச்சையா என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றதாக மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் நான் திட்டவில்லை.

மறுநாள் அவரே டிப்போவுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார், மூன்று மாதம் டைம் கீப்பர் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வழியில் பள்ளிக்கூடத்திலும் இறங்கி, தப்பு என்னுதும்மா, பிள்ளையுது இல்ல என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவரோடு பேசாமல் இருந்த சின்னவள் அதற்குப் பிறகுதான் பேசினாள். இப்போது நோட்டில் இருநூற்றுப் பத்து, நூற்று அறுபத்து நாலு, இருநூற்று முப்பத்தொன்று, நூற்று நாற்பத்தொன்பது என்று எழுதுகிறார், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். வீச்சு எண்பத்திரண்டு என்று வாலு பெருமையடித்துக்கொண்டு திரிகிறாள்.

இனி உன் விஷயம். ஞாயிறு தோறும் நீ போனில் சொல்வதில் ஒரு வார்த்தையைக் காலண்டரில் அந்தத் தேதிக்கு நேராக எழுதிவைப்பது என் பழக்கம். பழைய தாள்களில் சளி, மேனேஜரோடு சண்டை, செருப்பு அறுந்தது, புதுக் குடை, ஒரே சிரிப்பு என்று விதவிதமாக இருக்கிறது. நேற்று இந்த வருஷத்துத் தாள்களைப் புரட்டினேன். பத்தொன்பது ஞாயிறாக ஒரே வார்த்தை, நல்லா இருக்கேன். சின்னவளிடம் காட்டினேன். அவள் ஒவ்வொரு ஞாயிறாக விரல் வைத்து எண்ணினாள். அப்புறம் "அக்காவோட வீச்சு பூஜ்யம்மா" என்றாள். வேலை போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவதா, யாராவது உன்னைக் கஷ்டப்படுத்துகிறார்களா, எனக்குத் தெரியாது. நீயும் அளக்காமலே எழுதுகிறாய் என்பது மட்டும் தெரியும். எந்த எண்ணாக இருந்தாலும் சொல்லடி கண்ணு, முந்நூற்றுப் பன்னிரண்டையே நேரில் பார்த்தவள் நான்.

அப்பாவின் ஆசியும் சின்னவளின் முத்தமும் இதோடு வருகின்றன. நீ ஆயுசோடு இருக்க வேண்டும், அழ வேண்டிய நாளில் அழுதுகொண்டாவது இருக்க வேண்டும். ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதே, கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு. நல்லா இருக்கேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே.

உன் பதிலுக்காகக் காலண்டரில் ஒரு கட்டத்தைக் காலியாக வைத்திருக்கும்,
அம்மா