உப்புத் தண்ணீரில் கழுவிய மெஷின்

தங்கா பத்து,
ஆகஸ்டு 9.

அன்புள்ள மாப்பிள்ளை கணேசமூர்த்திக்கு, மச்சான் பரமேஸ்வரன் எழுதிக்கொள்வது.

இங்கே என் தங்கை திலகாவும் உங்கள் பிள்ளை தேவிஸ்ரீயும் நலம். கடல் தாண்டி பிந்துலுவில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் நம்பரை மாற்றிய பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை டுரியான் துங்காலுக்குப் போய் என் தங்கையிடம் புது நம்பரைக் கேட்டேன். அவள் தரவில்லை. “ஃபோன்ல பேசினா நீ அழுதுடுவ, அவரு மனசு எறங்கிடும். எழுதிப் போடு. படிக்கிறதா வேணாமான்னு அவரே பாக்கட்டும்” என்று சொல்லி, நீங்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கொங்சியின் முகவரியை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நியாயம்தான். நேரில் பேசினால் நான் பாதியை விழுங்கிவிடுவேன்.

முதலில் வீட்டுச் சேதி. தேவிஸ்ரீ அரைத்தவணைச் சோதனையில் கணக்கில் நல்ல புள்ளி வாங்கியிருக்கிறாள். வளர்ந்துவிட்டாள், உங்கள் உயரம். திலகா யூனிவர்சிட்டி கேண்டீனில் காலை வேலைக்குப் போகிறாள், கார் ஓட்டவும் பழகிக்கொண்டாள். சமையலறைக் கூரை ஒழுகியதை நான் ஏறிச் சரி செய்தேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

இங்கே வெயில் கொளுத்துகிறது, கூடவே ஒரே புழுக்கம். கடலோரக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை துடைத்த பேட்டரி முனை வெள்ளிக்கிழமைக்குள் பச்சை பூத்துவிடுகிறது. டீசல் டாங்கியைச் சாயங்காலமே நிரப்பி வை, பாதி காலியாக விட்டால் விடிவதற்குள் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும் என்று புதிதாக வருகிற ஒவ்வொரு ஆபரேட்டரிடமும் கத்துகிறேன். கிரீஸ் காணாத ஒரு பின்னைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. என் பெண்சாதி ராமாத்தாள்கூட, வீட்டுக் கேட்டுக்குக் கிரீஸ் அடிக்கிற ஒரே புருஷன் நான்தான் என்று சிரிப்பாள். அப்படிப்பட்ட மெக்கானிக் செய்த காரியத்தைத்தான் இனி எழுதப் போகிறேன்.

போன அக்டோபர், ஆயுத பூஜைக்கு முதல் நாள். மாலையும் பழமும் வாங்க நீங்கள் மலாக்கா டவுனுக்குப் போயிருந்தீர்கள். கடல் தடுப்புச் சுவர் சைட்டில் நம் இரண்டு எக்ஸ்கவேட்டர்களையும் கழுவிச் சந்தனம் வைக்க வேண்டும். காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை, தண்ணீர் லோரியும் வரவில்லை. சேறு அப்பிய மெஷினுக்கா பொட்டு வைப்பது என்று எனக்கு ஒரே எரிச்சல். சுவருக்குப் பின்னால் தோண்டியிருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பம்பை அதில் இறக்கினேன். இறக்குவதற்கு முன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. தெரிந்துதான் கழுவினேன் மாப்பிள்ளை.

சும்மா கழுவவில்லை, பிரஷரை முழுக்க ஏற்றி அடித்தேன். கேபினுக்குப் பின்னால் வயர்கள் வந்து கூடுகிற பெட்டிகூடப் பளபளக்க வேண்டுமாம் எனக்கு. நாளைக்கு நல்ல தண்ணீரில் அலசி, கனெக்டர்களைக் கழற்றித் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் எலுமிச்சம்பழம் நசுக்குவதிலும் சுண்டலிலும் போட்டோ எடுப்பதிலும் போய்விட்டது. அதற்கடுத்த நாள் நல்ல மழை. மழையே அலசிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சர்வீஸ் புத்தகத்தில் மட்டும், கழுவித் துடைத்துக் கனெக்டர் பார்த்தாகிவிட்டது என்று எழுதி இரண்டு மெஷினுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து நீங்கள் என்னிடம் வந்தீர்கள். நீங்கள் ஓட்டுகிற எக்ஸ்கவேட்டரின் எஞ்சின் ஓடும்போதே ஒரு நொடி திணறுகிறது, விளக்கு மினுக்குகிறது என்றீர்கள். இரண்டு தடவை சொன்னீர்கள். இரண்டாம் தடவை பெட்டியைத் திறந்து பார்த்தேன். கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தது. எதனால் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். மாற்று வயர் வரப் பத்து நாளாகும், அதுவரை மெஷினை நிறுத்தினால் காரணம் கேட்பார்கள். ஸ்பிரே அடித்துத் துடைத்து மூடினேன். “ஒண்ணும் ஆகாதுலா மாப்பிள்ள, ஓட்டுங்க” என்றேன். நீங்களும் மறு பேச்சு இல்லாமல் ஏறினீர்கள்.

அன்று கடல் வற்றியிருந்த நேரத்தில் சுவரின் அடிக்கல்லை வைக்கக் கீழே இறங்கியிருந்தீர்கள். அங்கே எஞ்சின் நின்றது. இன்னொரு மெஷினை வைத்து இழுத்தோம், சேற்றில் புதைந்தது அசையவில்லை. கடல் ஏறத் தொடங்கியது. கேபின் தரைக்குத் தண்ணீர் வந்த பிறகும் நீங்கள் இறங்காமல் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தீர்கள். எல்லாரும் கரையில் நின்று கத்தினார்கள். நான் மட்டும் கத்தாமல் நின்றேன் என்பது உங்களுக்குத் தெரியுமா? கடைசியில் நீங்கள் கரையேறினீர்கள், மெஷினைக் கடல் மூடிவிட்டது.

அடுத்த நாள் ஆபீசில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கடல் ஏறும் நேரம் பார்க்காமல் மெஷினை இறக்கினீர்கள் என்றார் மேனேஜர். கோளாறு இருப்பதை முன்பே மெக்கானிக்கிடம் சொன்னேன் என்றீர்கள். அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அந்த மாதம்தான் பட்டறைக்கு என்னைத் தலைமையாகப் போடப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. திலகாவின் அண்ணன் என்பதற்காகத்தான் அடக்கிக்கொண்டீர்கள். நீங்கள் எதிர்த்துப் பேசியிருந்தால் நான் உடைந்திருப்பேன் மாப்பிள்ளை, அப்போதே எல்லாம் வெளியில் வந்திருக்கும். பாருங்கள், இப்போதும் உங்கள் மேல் பழியைப் போடத்தான் பார்க்கிறேன்.

உங்களை அனுப்பிவிட்டார்கள். மலாக்காவில் வேறு எந்தக் குத்தகைக்காரரும் சேர்த்துக்கொள்ளவில்லை, பிந்துலுவுக்குப் போக வேண்டியதாயிற்று. மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு அம்மா திலகாவைக் காட்டி, “கடல்ல மெஷின விட்டாரே, அவரு சம்சாரம்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. திலகா காதிலும் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் தேவிஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்காவது நான் பேசியிருக்கலாம். அன்னதான வரிசையில் போய் நின்றேன்.

பூஜைக்காக அன்று நான் கழுவிய இன்னொரு எக்ஸ்கவேட்டரை டுரியான் துங்கால் சைட்டுக்குக் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். கடற்காற்று இல்லாத இடம் என்பதால் அது இத்தனை மாதம் தாங்கியது. போன மாதம் அதுவும் பாதி வேலையில் நின்றது. நல்லவேளை, சமதரை. பெட்டியைத் திறந்தேன், அதே பச்சை. ஆபரேட்டர் தினேஷ்வரன், கல்யாணமாகி நாலு மாதம். மேனேஜர் அவனைக் கூப்பிட்டு மெஷினை என்ன செய்தாய் என்று அதட்டினார். முன்பே சொன்னேன் என்று அவன் என்னைக் காட்டினான். அவர் என் பக்கம் திரும்பினார். உங்களிடம் கேட்ட அதே அறை, அதே நாற்காலி. ஞாபகம் இல்லை என்று சொல்ல இந்தத் தடவை வாய் வரவில்லை.

பள்ளத்துத் தண்ணீரில் தொடங்கி உங்கள் வேலை போனது வரை எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, மலாய் மொழியில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதன் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், திட்டிக்கொண்டே காட்டுங்கள்.

திலகாவிடமும் சொல்லிவிட்டேன். நம்பர் கேட்கப் போன அதே ஞாயிற்றுக்கிழமைதான். நான் சொல்லி முடிக்கும் வரை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திட்டவில்லை. இவ்வளவு நாள் உங்களிடம் நீங்கள் ஏதாவது தப்புச் செய்தீர்களா என்று ஒருமுறைகூடத் தான் கேட்டதில்லை என்று மட்டும் சொன்னாள். முகவரியைக் கொடுத்த பிறகு எழுந்து போய்க் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் புரிந்துகொண்டு கிளம்பினேன். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த தங்கை.

இப்போது முக்கியமான விஷயம். உம்பாய் பக்கம் அடுத்த தடுப்புச் சுவர் வேலை வருகிறது. உங்கள் பெயரில் இருந்த குற்றத்தை எடுத்துவிட்டோம், திரும்ப வரச் சம்மதமா என்று கேட்டு ஆபீசிலிருந்து உங்களுக்குத் தனியாகக் கடிதம் வரும். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். ரோஷத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கிழிப்பதாக இருந்தால் என் கடிதத்தைக் கிழியுங்கள்.

அங்கே என் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று தயங்க வேண்டாம். பட்டறைச் சாவியை ஒப்படைத்துவிட்டேன், இந்த மாதத்தோடு நான் நிற்கிறேன். உங்களுக்கு வரப்போகிற மெஷினின் கனெக்டர்களை நானே கழற்றித் துடைத்துப் பூட்டினேன். ஆனாலும் வெளியிலிருந்து வேறு மெக்கானிக்கை அழைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு ஏறுங்கள். என் கையெழுத்தை நம்பி இனி எதிலும் ஏறாதீர்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். மன்னித்தேன் என்ற ஒரு வார்த்தைக்காக இதை எழுதவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும், ஆனால் அதைக் கேட்கவும் மாட்டேன். தீபாவளிக்கு வந்துவிடுங்கள் மாப்பிள்ளை. நானோ ராமாத்தாளோ அந்தப் பக்கம் வந்து சங்கடம் தர மாட்டோம். உங்கள் வீட்டு வாசலில் உங்கள் செருப்பு கிடக்கட்டும். ரோட்டில் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
திலகாவின் அண்ணன்
பரமேஸ்வரன்