ஏழு கத்தி மாப்பிள்ளைக்கு

மாப்ள,

இந்த மடலில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மோட்டார் ரிப்பேர் கடையில் காயில் கம்பி கருகிக் கிடக்கும் அத்தனை மோட்டார்கள் மீதும் சத்தியமாக, நீயே நம்பமாட்டாய். இருந்தாலும் சொல்லாமல் விடுவதாக இல்லை.

இதை உன் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிரே கம்ப்யூட்டர். அதன் திரையின் இடது கீழ் மூலையில் அந்தத் திருஷ்டிப் படம். கோரைப் பல், உருட்டு விழி, தாடை வரை தொங்கும் சிவப்பு நாக்கு. முதன்முதலில் நீ ஒட்டியதுதான். என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நேற்றுதான் உன் முதல் தெவசம் முடிந்தது. செத்து ஒரு வருடம் ஆன பிறகும் ஒருத்தனுக்கு இவ்வளவு திமிர் இருக்கக்கூடாது.

ஒன்பதாம் வகுப்பில் என் பைக்குள் தவளையைப் போட்டவன் நீ. பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு, என்னை ‘மச்சான்’ என்று கூப்பிடும் உரிமையையும் வாங்கிக்கொண்டாய். அப்போதே உன்மேல் படையெடுத்திருக்க வேண்டும். கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்ததால் மன்னித்தேன்.

கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த உன் காலில் சர்க்கரை ஒரு சின்னப் புண்ணாக நுழைந்தது. முழங்காலுக்குக் கீழே இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போனது. நீ வீட்டோடு ஆனாய். உன் மகள் மூலக்குளத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, புருஷனோடு பெங்களூர் போனாள். ஒதியம்பட்டு வீட்டில் நீயும் என் தங்கையும் மட்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் நம் போர் ஆட்டம் இருந்தது. நமக்கு ஒரு சின்ன நாடு. ஏரி வெட்டி, நெல் விளைத்து, படை சேர்த்து, எதிரி ராஜாவின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். எதிரியை ஓட்டுவது கம்ப்யூட்டர். அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்குக் கத்திதான் அளவு. ஒரு கத்தி என்றால் எதிரி மந்தம். ஏழு கத்தி என்றால் எமன்.

முதல் நாள் ஒரு கத்தியில் விளையாடி ஒரே மாலையில் ஜெயித்தேன். நான் மவுஸைத் தட்டிய தட்டில் சங்கராபரணி ஆறு அரை அடி ஒதுங்கி ஓடியது. “இதுல ஒண்ணுமே இல்ல மாப்ள” என்று கொட்டாவி விட்டுக்கொண்டு வில்லியனூருக்குக் கிளம்பினேன். அடுத்த இரண்டு வாரம் எட்டிப் பார்க்கவில்லை. கடையில் வேலை.

திரும்பி வந்தபோது திரையின் மூலையில் இந்த மூஞ்சி ஒட்டியிருந்தது.

“இன்னா மாப்ள இது?”

“உன் கண்ணுதான் மச்சான். அன்னிக்கு நீ ஜெயிச்சுட்டுப் போனியா, மறுநாளே கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. அத மட்டும் எடுத்துடாத. போய்க் கை கழுவிட்டு வா, நான் ஆட்டத்தப் போட்டு வெக்கறேன்.”

கை கழுவிவிட்டு வந்தேன். அன்று தோற்றேன். மறுநாள் வந்தேன், தோற்றேன். அறுவடை முடிந்து என் களஞ்சியம் நிரம்புகிற நேரமாகப் பார்த்து, கோட்டைக்குப் பின்னால் ஆற்று வழியாக எதிரியின் படகுகள் வந்து நெல்லைக் கொளுத்திவிட்டுப் போயின.

“ஒரு கத்திக்கே உனக்கு மூச்சு வாங்குது. நானெல்லாம் ஏழு கத்தி” என்றாய்.

“அன்னிக்கு இதே ஒரு கத்திய ஊதித் தள்ளினேன்டா!”

“எதிரி உன் ஆட்டத்தப் பாத்துக் கத்துக்கினான் மச்சான். கம்ப்யூட்டருன்னா சும்மாவா?”

நான் நம்பினேன். ஊரில் பாதி மோட்டாருக்கு உயிர் கொடுத்தவன், இதை நம்பினேன்.

நாலு வருடம், மாப்ள. மாலை ஐந்தரைக்குக் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரை முறுக்கினால் உன் வாசலில்தான் நிறுத்துவேன். நான் இழந்த யானைகளை வரிசையாக நிற்கவைத்தால் முதல் யானை பாகூர் ஏரியில் தண்ணீர் குடிக்கும்போது கடைசி யானை வில்லியனூர் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருக்கும். நான் தோற்ற ஒவ்வொரு நாளும் நீ என் தங்கையைக் கூப்பிட்டு, “ராஜாவுக்கு ஒரு டீ போடுடி, நாட்ட வுட்டுட்டு வந்திருக்காரு” என்பாய். அந்த டீயை நான் பழிவாங்கும் வெறியோடு குடித்தேன். சர்க்கரை நிறையப் போடச் சொல்லி, நீ பார்க்கப் பார்க்கக் குடித்தேன்.

பிறகு நீ போய்விட்டாய். அந்த முதல் நாளுக்குப் பிறகு என்னை ஒரு முறைகூட ஜெயிக்கவிடாமல்.

உன் கருமாதியன்று, பிறந்த வீட்டுப் புடவையைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உன் அறைக்குள் ஒதுங்கினேன். எதையாவது செய்ய வேண்டுமே என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். ஜெயித்தவர் பட்டியலில் முதல் வரியில் உன் பெயர். பக்கத்தில் ஏழு கத்தி. அங்கேயே சபதம் போட்டேன். உன் தெவசத்துக்குள் ஏழு கத்தியை வென்று உன் பெயருக்கு மேல் என் பெயர். வென்றால், உனக்குப் பிடிக்காத பாகற்காய் மட்டுமே படையலில் வரும். தோற்றால், நீ உயிரையே வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்கு நானே கருவாடு வாங்கி வருவேன். இதை உன் படத்தின் முன்னால் உரக்கவே சொன்னேன். தங்கை, “கருமாதி அன்னிக்கு பேசற பேச்சாண்ணா இது?” என்று திட்டினாள்.

மறுநாளிலிருந்து ஐந்தரை மணிக்கு மறுபடியும் ஸ்கூட்டர். கை கழுவப் போகச் சொல்ல ஆளில்லாததால் ஆட்டத்தை நானே போட்டேன். என் தகுதி தெரிந்து ஒரு கத்தியைத் தேர்ந்தெடுத்தேன்.

எதிரி அன்று மாலையே செத்தான். இரண்டு கத்தி, இரண்டு நாள். மூன்று கத்தி ராஜா சாவியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். நாலு கத்திக்காரன் என் குதிரைச் சத்தம் கேட்டுப் படுத்த படுக்கையானான். ஐந்து கத்தி கொஞ்சம் முரண்டு பிடித்தது, தீபாவளிக்குள் முடித்தேன். என் கோபத்துக்கு இவ்வளவு பலமா என்று எனக்கே பயமாக இருந்தது.

ஆறாம் கத்தியில் மாட்டினேன். என் களஞ்சியம் நிரம்பியது. ஆற்றில் படகுகள் வந்தன.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவன் புதியவன் இல்லை. இவனை எனக்கு நாலு வருடமாகத் தெரியும்.

நீ கடைசியாக எனக்குப் போட்டுவைத்த ஆட்டம் பாதியில் நின்றபடி கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அதைத் திறந்தேன். திரை முழுக்கத் தேடினேன், எத்தனை கத்தி என்பது எங்கேயும் இல்லை. நீ ஒட்டிய மூஞ்சி ஒன்றுதான் தேடாமல் மிச்சம். நகத்தை விட்டு உரித்தேன்.

ஆறு கத்தி.

நான் போட்ட கூச்சலில் ஒதியம்பட்டுத் தென்னைகளில் ஒரு காய்கூடத் தங்கவில்லை. அடுப்படியிலிருந்து தங்கை ஓடிவந்தாள். என் கையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணா.”

“நாலு வருசம்! என் தங்கச்சியா இருந்துகினு!”

“அவருதான் சொல்லக்கூடாதுன்னாரு. மொத நாளு நீ ஜெயிச்சுட்டு ரெண்டு வாரம் வரல இல்ல? ரெண்டு வாரமும் வாசலையே பாத்துகினு கெடந்தாரு. ‘உங்க அண்ணன் ஜெயிச்சா வூட்டுக்குப் போயிடுவான்டி. தோத்தாதான் வருவான்’னாரு.”

அதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதே. என் கோபம் இரண்டு பங்கானது. கூப்பிட்டிருக்கலாமே, மாப்ள? “கால் போச்சு, தனியா இருக்க முடியல, வா மச்சான்” என்று ஒரு போன் போட்டிருக்கலாமே? அதைச் சொல்ல உன் மீசை இடம் கொடுக்கவில்லை. அதற்காக என் யானைகள் எல்லாம் சாக வேண்டுமா? கூப்பிடாமல் நான் ஏன் வரவில்லை என்று நீயும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் உன்னைப் பழிவாங்க வேண்டும் என்று இருந்தது.

உரித்த படத்தை மேசை டிராயரில் வீசினேன். படகு வரும் ஆற்றைச் சங்கிலி போட்டு அடைத்து, ஒரு மாதத்தில் ஆறாம் கத்தியை முறித்தேன். ஏழில் இறங்கினேன். அங்கே ஆறு, மலை, கடல் எல்லாமே எதிரி பக்கம். போதாததற்கு என் மந்திரியே அவனுக்கு ஒற்றன். முந்தாநாள் மாலை, தெவசத்துக்கு ஒரு நாள் பாக்கி இருக்கும்போது, என் கடைசிக் கோட்டையும் விழுந்தது.

நேற்று உன் படையலில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. கருவாடு நான் வாங்கியது. மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து நீ பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

நேற்றுப் படையல் சோறு கொடுத்தனுப்பிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்று வந்தேன். சபதத்துக்குக் கெடு முடிந்துவிட்டது. இனி தினமும் இங்கே எனக்கென்ன வேலை? அதைத்தான் தங்கையிடமும் சொன்னேன். “கடையிலயும் வேல கெடக்குது. எப்பயாச்சும் வந்து பாக்கறேம்மா.”

அவள் பாத்திரங்களை எண்ணாமலே உள்ளே எடுத்துப் போனாள். பிறகு உன் அறையிலிருந்து குரல் வந்தது.

“வந்தது வந்துட்ட. போய்க் கை கழுவிட்டு வாண்ணா. நான் ஆட்டத்தப் போட்டு வெக்கறேன்.”

அவளுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. கை கழுவிவிட்டு வந்தேன். டிராயரில் கிடந்த மூஞ்சி திரையின் மூலையில் பழைய இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் கோணல். ஓரத்தில் ஈரம்.

“எத்தன கத்தி போட்ட?”

“ஒண்ணுதாண்ணா” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். “போயி டீ போடறேன்.”

உட்கார்ந்தேன். ஏரி வெட்டினேன், நெல் விளைத்தேன். களஞ்சியம் நிரம்பியது. படகுகள் வந்தன.

ஆற்றை அடைக்க எனக்குத் தெரியும். அடைக்கவில்லை. நாளைக்கு ஐந்தரைக்கு வந்து அடைத்துக்கொள்கிறேன். பழி அப்படியேதான் இருக்கிறது மாப்ள, உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

யானைக் கணக்கு பொய். தேங்காய் உதிர்ந்ததும் பொய். ஆறு ஒதுங்கவே இல்லை. ஒன்று மட்டும் உண்மை. வீட்டில் பசை இல்லையோ என்னவோ, அந்தப் படத்தை அவள் சோற்றை மசித்து ஒட்டியிருந்தாள். ஒரு பருக்கை மசியாமல் நாக்குக்குப் பக்கத்தில் பிதுங்கி நின்றது. அதை நான் தொடவில்லை.